கூட்டம் வீடு திரும்பும் வழி



ஆடி மாதம் பிறந்துவிட்டால் நம் ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சாலைகள் தம் இயல்பை இழந்துவிடுகின்றன. ஆண்டாள் கோயிலின் ஆடிப்பூரத் தேரோட்டத்திற்காக விருதுநகர் மாவட்டம் முழுமைக்கும் உள்ளூர் விடுமுறை அறிவிக்கப்படுகிறது. அதற்குச் சில நாள்கள் முன்னதாகவே ஆடி அமாவாசை வந்துவிடுகிறது. சதுரகிரி மலைக்குச் செல்வோர் வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறை அடிவாரத்தை நோக்கித் திரளுகின்றனர். 2024ஆம் ஆண்டில் ஆடி அமாவாசை ஆகஸ்டு 4, தேரோட்டம் ஆகஸ்டு 7. 2025இல் அமாவாசை ஜூலை 24, தேரோட்டம் ஜூலை 28. இதே வாரங்கள்தாம் குற்றாலத்தில் சாரல் காலமும் ஆகும். அருவிக்குச் செல்லும் சுற்றுலா வண்டிகளும், கேரளத்திற்குச் சரக்கேற்றிச் செல்லும் லாரிகளும் மதுரை–கொல்லம் நெடுஞ்சாலையையே நம்பியிருக்கின்றன. ஒரே வாரத்தில், ஒரே சாலையில், மூன்று வகைப் பயணிகள் வந்து சேர்கின்றனர் என்பதே நம் ஊரின் நிலை.

மடவார் வளாகத்திலும் இராஜபாளையத்திலும் வாழும் நம்மவரில் சிலர், இது நம்முடைய விழா அன்றே, இதைப் பற்றி நாம் பேச என்ன இருக்கிறது என்று கேட்கக்கூடும். விழா ஒரு சமூகத்தாருடையதாக இருக்கலாம். சாலை ஊரார் அனைவருக்கும் உரியது. தேர் பார்க்க வந்த பெரியவர் மயங்கி விழுந்தாலும், நம் மஹல்லாவின் கர்ப்பிணிப் பெண் மருத்துவமனைக்குப் புறப்பட்டாலும், ஆம்புலன்ஸ் செல்ல வேண்டிய வழி ஒன்றுதான். அண்டை அயலாரின் உரிமையைப் பேணுமாறு நமக்குக் கட்டளையிடப்பட்டுள்ளது. அவ்வுரிமையில் வழியின் பாதுகாப்பும் அடங்கும்.

இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. ஒரு பெருந்திரளுக்காக நகரம் ஆயத்தமாக இருக்கிறதா என்பதை, மக்கள் வந்து சேர்ந்ததைக் கொண்டு அளத்தல் கூடாது. அவர்கள் எவ்வாறு வீடு திரும்பினர் என்பதைக் கொண்டும், அக்கூட்டத்தில் சேராதவர்களின் அன்றைய நாள் எவ்வாறு கழிந்தது என்பதைக் கொண்டும் அளத்தல் வேண்டும்.

வருகை பரவும், திரும்புகை குவியும்

விழாவிற்கு வருவோர் ஒரே நேரத்தில் வருவதில்லை. முதல் நாள் இரவே வந்து உறவினர் வீட்டில் தங்குவோர் உண்டு. விடியற்காலைப் பேருந்தில் வருவோர் உண்டு. தேர் புறப்படும் நேரத்திற்குச் சரியாக வருவோரும் உண்டு. ஆகவே வருகை பல மணி நேரத்திற்குப் பரவிவிடுகிறது. திரும்புகையோ அவ்வாறன்று. நிகழ்ச்சி முடிந்த அக்கணமே எல்லோருக்கும் வீட்டு நினைவு வருகிறது. பசி, வெயில், அழும் குழந்தை ஆகிய அனைத்தும் சேர்ந்து ஆயிரக்கணக்கானோரை ஒரே வேளையில் ஒரே பேருந்து நிலையத்தை நோக்கித் தள்ளுகின்றன.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு லட்சம் பேர் இரண்டு மணி நேரத்திற்குள் பேருந்தில் ஊர் திரும்ப விரும்புவதாகக் கொள்வோம். ஒரு பேருந்துக்கு 60 பேர் எனில் ஏறத்தாழ 1,670 நடைகள் தேவை. அதாவது நிமிடத்திற்குச் சுமார் 14 பேருந்துகள் நிரம்பிப் புறப்பட வேண்டும். எந்தப் பேருந்து நிலையத்தாலும் இது இயலாது. கூடுதலாகச் சிறப்புப் பேருந்துகள் விடப்படும் என்ற அறிவிப்பு மட்டும் இந்தக் கணக்கைத் தீர்த்துவிடாது. ஏறுமிடங்கள் பலவாக வேண்டும். புறப்படும் நேரமும் பரவ வேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையம் சுமார் 12 கி.மீ. தொலைவு. ஒரு மணி நேரத்தில் 6,000 பேரை அங்கே கொண்டுசேர்க்க 100 நடைகள் வேண்டும். ஒரு பேருந்து ஆட்களை ஏற்றிச் சென்று, இறக்கிவிட்டு, வெறுமையாகத் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகுமெனில் 100 பேருந்துகள் தேவைப்படும். அதே சுற்று 40 நிமிடத்தில் முடியுமெனில் 67 பேருந்துகளே போதும். எனவே ஆள் நிறைந்த பேருந்து புறப்படும் வழியைப் போலவே, வெறும் பேருந்து திரும்பி வரும் வழியும் முக்கியமானது. அந்த வழியில் இருசக்கர வாகனங்களும் கார்களும் இருபுறமும் நிறுத்தப்பட்டிருந்தால், பணிமனையில் எத்தனை பேருந்துகள் இருந்தும் பயணிக்குப் பயனில்லை.

நடப்பவருக்கும் கணக்கு உண்டு. நெரிசலின்றி நடக்கையில் ஒரு மீட்டர் அகலமுள்ள வழியில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 80 பேர் கடக்கலாம் என்பது திரள் மேலாண்மையில் பின்பற்றப்படும் அளவு. 6 மீட்டர் அகலத் தெருவில் நிமிடத்திற்கு 480 பேர் செல்லலாம். இருபுறமும் ஒரு மீட்டர் அளவுக்குக் கடைகளும் பந்தல்களும் முன்னே நீண்டுவிட்டால், அது 320 ஆகக் குறைந்துவிடும். சதுர மீட்டருக்கு ஐந்து பேருக்கு மேல் நெருங்கிவிட்டால், மனிதர் தம் விருப்பப்படி நடக்கும் ஆற்றலை இழக்கத் தொடங்குகின்றனர். கூட்டத்தின் அலையே அவர்களை நகர்த்துகிறது. பின்னால் நிற்பவருக்கு முன்னால் நடப்பது தெரிவதில்லை. பேரிடர்கள் பெரும்பாலும் இங்கேதான் நேருகின்றன.

சென்னையும் கும்பகோணமும் கற்பித்தவை

2024ஆம் ஆண்டு அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. இந்திய விமானப்படையின் 92ஆம் ஆண்டை ஒட்டிச் சென்னை மெரினாவில் வான்சாகச நிகழ்ச்சி நடைபெற்றது. பல லட்சம் மக்கள் திரண்டனர். நண்பகல் வெயில் உச்சத்தில் இருந்த வேளையில் நிகழ்ச்சி முடிந்தது. அனைவரும் ஒருசேரத் திரும்பத் தொடங்கினர். கடற்கரையை ஒட்டிச் செல்லும் பறக்கும் ரயிலோ அந்நாள்களில் சென்னைக் கடற்கரை நிலையம் வரை இயங்கவில்லை. நான்காவது பாதைப் பணிக்காகச் சிந்தாதிரிப்பேட்டைக்கும் வேளச்சேரிக்கும் இடையே மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது. நிலையங்களின் படிக்கட்டுகள் வரை மக்கள் நெருக்கியடித்து நின்றனர். அன்று ஐவர் உயிரிழந்தனர். வெயிலின் தாக்கமே காரணம் என அரசு விளக்கியது. வெயிலில் நின்றவர் நிழலுக்கும் தண்ணீருக்கும் வீட்டுக்கும் விரைந்து செல்ல வழியில்லாமற்போனதையும் அதனோடு சேர்த்தே நாம் எண்ண வேண்டும். வானத்தில் நிகழ்ந்தவை நொடிக்கணக்கில் திட்டமிடப்பட்டிருந்தன. தரையில் மக்கள் கலைந்து செல்வதற்கு அத்தகைய நுட்பம் வாய்க்கவில்லை.

கும்பகோணம் மகாமகம் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. 1992 பிப்ரவரி 18 அன்று மகாமகக் குளக்கரையில் ஏற்பட்ட நெரிசலில் ஏறத்தாழ 50 பேர் மாண்டனர். பின்னர் 2004இலும் 2016இலும் மகாமகம் வந்தது. அத்தகைய பேரிடர் மீண்டும் நிகழவில்லை. 2016இல் ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்கள் அமைக்கப்பட்டன. சிறப்பு ரயில்கள் இயக்கப்பட்டன. திருவண்ணாமலையிலும் கார்த்திகை தீபத்தன்று ஊருக்குள் நுழையும் சாலைகள் ஒவ்வொன்றிலும் தற்காலிகப் பேருந்து நிலையம் அமைப்பது வழக்கமாகிவிட்டது. எத்திசையிலிருந்து வந்தாரோ அத்திசையிலேயே இறங்கி, அங்கேயே மீண்டும் ஏறிச் செல்லலாம். கூட்டம் ஊரின் நடுவே ஒன்றையொன்று குறுக்கிட வேண்டியதில்லை.

மினாவின் படிப்பினை

திரளைப் பற்றிப் பேசும் தகுதி நமக்கு உண்டெனில், அது ஹஜ் நமக்கு ஈந்த படிப்பினைகளால் வந்ததாகும். அப்படிப்பினைகள் மிகுந்த விலை கொடுத்துப் பெறப்பட்டவை. 1990 ஜூலை 2 அன்று மினாவுக்கு அருகிலுள்ள சுரங்கப் பாதையில் 1,426 ஹாஜிகள் உயிர்நீத்தனர். 2006 ஜனவரி 12 அன்று ஜமராத் பாலத்தருகே 340க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் பழைய பாலம் இடிக்கப்பட்டுப் பல அடுக்குகள் கொண்ட புதிய பாலம் எழுந்தது. நுழைவோருக்கு ஒரு வழி, வெளியேறுவோருக்கு வேறு வழி எனப் பிரிக்கப்பட்டது. 2010 ஹஜ்ஜின்போது மினா, முஸ்தலிஃபா, அரஃபாத் ஆகிய இடங்களை இணைக்கும் மஷாயிர் ரயில் ஓடத் தொடங்கியது. மணிக்கு 72,000 பேரைக் கொண்டுசெல்லும் திறனுடன் வடிவமைக்கப்பட்ட அந்த ரயில், ஆண்டில் சில நாள்கள் மட்டுமே இயங்குகிறது.

எனினும் 2015 செப்டம்பர் 24 அன்று, புதிய பாலத்தை அடையும் முன்னரே, மினாவின் தெருச் சந்திப்பொன்றில் இரு திரள்கள் எதிர்ப்பட்டன. அரசுக் கணக்கின்படியே 769 பேர் இறந்தனர். செய்தி நிறுவனங்கள் திரட்டிய எண்ணிக்கை அதைவிடப் பன்மடங்கு. அல்லாஹ் அவர்கள் அனைவருக்கும் மேலான மறுமை வாழ்வை அருள்வானாக. பாலத்தில் இருந்த இடுக்கண் நீங்கியபோது, அது பாலத்திற்குச் செல்லும் தெருவுக்கு இடம்பெயர்ந்துவிட்டது. ஆகவே ஒரிடத்தை மட்டும் அகலமாக்குவது ஆயத்தம் ஆகாது. வீட்டு வாசலிலிருந்து மீண்டும் வீட்டு வாசல் வரை முழுப் பாதையையும் ஒரே சங்கிலியாகக் காண வேண்டும். திருமங்கலம்–இராஜபாளையம் நான்குவழிச் சாலையைப் பற்றி நம்பிக்கையோடு பேசுவோரும் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். கடந்து செல்லும் லாரிகளை அச்சாலை ஊருக்கு வெளியே கொண்டுபோகும். தேர் காண வருபவரோ ரத வீதிக்குத்தான் வந்தாக வேண்டும்.

நபிவழியில் மூன்று ஒழுங்குகள்

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு, இறுதி ஹஜ்ஜின்போது, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பெருந்திரளோடு அரஃபாத்திலிருந்து புறப்பட்டார்கள். பின்னால் ஒட்டகங்களை அடித்து விரட்டும் ஓசையும் கூச்சலும் எழுந்தன. நிதானத்தைக் கைக்கொள்ளுமாறும், விரைந்தோடுவதில் நன்மை இல்லையென்றும் மக்களுக்கு அறிவுறுத்தினார்கள். தம் ஒட்டகம் கஸ்வாவின் கடிவாளத்தை, அதன் தலை சேணத்தைத் தொடும் அளவுக்கு இழுத்துப் பிடித்திருந்தார்கள் என ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பு கூறுகிறது. பிறருக்கு நிதானத்தைச் சொன்னவர்கள் தம் வாகனத்தை முதலில் கட்டுப்படுத்தினார்கள். இது முதல் ஒழுங்கு.

அன்றிரவு முஸ்தலிஃபாவில் மெதுவாக நடக்கும் இயல்புடைய அன்னை ஸவ்தா (ரலி) அவர்கள், கூட்டத்தின் நெரிசலுக்கு முன்பே புறப்பட அனுமதி கேட்டார்கள்; அனுமதி அளிக்கப்பட்டது. குடும்பத்தில் பலவீனமானோரோடு சிறுவரான இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களும் முன்னதாக அனுப்பப்பட்டார்கள். வலியோரும் எளியோரும் ஒரே நேரத்தில் ஒரே வழியில் தள்ளப்படலாகாது என்பது இரண்டாம் ஒழுங்கு.

பெருநாள் தொழுகைக்கு ஒரு வழியாகச் சென்று வேறு வழியாகத் திரும்புவது நபிகளாரின் வழக்கம். இதன் காரணங்களாக அறிஞர்கள் பலவற்றைக் கூறியுள்ளனர். நெரிசலைத் தவிர்த்தல் அவற்றுள் ஒன்றாகும். செல்வோரும் திரும்புவோரும் எதிரெதிரே மோதாதிருத்தல் மூன்றாம் ஒழுங்கு.

நம் ஊருக்கு வேண்டியவை

இம்மூன்று ஒழுங்குகளையும் ஆடிப்பூரத்திற்குப் பொருத்திப் பார்த்தால் செய்ய வேண்டியவை தெளிவாகின்றன. இராஜபாளையம், மதுரை, சிவகாசி, வத்திராயிருப்பு ஆகிய திசைகளுக்குத் தனித்தனியே ஏறுமிடங்கள் ஊரின் விளிம்பில் அமைய வேண்டும். ஒவ்வொரு திசைக்கும் ஒரு நிறம் குறித்து, அந்நிறப் பலகைகளை ரத வீதியிலிருந்தே நட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியும் நிறத்தைப் பின்பற்றி நடந்துவிடுவார். கூட்டத்தில் கைப்பேசி இணைப்பு தடைப்படுவது இயல்பாதலால், எந்த ஊருக்கு எங்கே பேருந்து நிற்கிறது என்பதை ஒலிபெருக்கியில் இடைவிடாது அறிவிக்க வேண்டும். ஏறுமிடங்களில் நிழலும் குடிநீரும் பெண்களுக்கான கழிப்பறையும் இருக்குமாயின், அடுத்த பேருந்துக்குக் காத்திருக்க மக்கள் தயங்கமாட்டார்கள். காத்திருக்க மனம் வந்துவிட்டால் நெரிசலில் பாதி குறைந்துவிடும்.

முதியோர், கர்ப்பிணிகள், கைக்குழந்தையுடன் வந்தோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கென நிகழ்ச்சி முடியும் முன்னரே புறப்படும் பேருந்துகளை ஒதுக்கலாம். விருதுநகர்–செங்கோட்டை ரயில் பாதை ஒற்றைப் பாதையாதலால், விரும்பிய அளவுக்கு ரயில்களைக் கூட்டிவிட இயலாது. ஆயினும் 12 பெட்டிகள் கொண்ட ஒரு பயணிகள் ரயில் பதினைந்துக்கும் மேற்பட்ட பேருந்துகளின் சுமையைச் சாலையிலிருந்து எடுத்துவிடும். அதன் நேரத்தைத் தேரின் நேரத்தோடு இணைத்து முன்கூட்டியே அறிவித்தல் நலம்.

விழாவில் சேராதவரையும் கணக்கில் கொள்ள வேண்டும். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு உள்ளூர் விடுமுறை கிடையாது. தினக்கூலிக்குச் செல்பவருக்கு அன்று வேலை இழந்தால் அன்றைய உலை இல்லை. ஆம்புலன்சுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் உரிய ஒரு தெரு, விழாவுக்குப் பல நாள்கள் முன்பே அறிவிக்கப்பட்டு, அன்று முழுவதும் வெறுமையாக வைக்கப்பட வேண்டும். எந்தத் தெரு அடைக்கப்படும், எத்தனை மணிக்குத் திறக்கப்படும் என்பதை மடவார் வளாகத்தின் கடைசி வீடு வரை அறிந்திருக்க வேண்டும். தடுப்புக் கம்பியின் முன் வந்து நின்றபின் செய்தி அறிவது அறிவிப்பாகாது.

நமக்கும் அதே அளவுகோல்

அரசுக்கும் கோயில் நிர்வாகத்துக்கும் இவற்றைக் கூறும் நாம், நம் ஜமாஅத்துகளுக்கும் இதனையே கூறக் கடமைப்பட்டுள்ளோம். ஜும்ஆ நாளில் பள்ளிவாசல் வாயிலில் தாறுமாறாக நிறுத்தப்படும் வண்டிகள், பெருநாள் காலையில் ஈத்காஹ் சாலையை அடைக்கும் கார்கள், திருமண மண்டபத்தின் முன் நடுச்சாலையில் நின்று ஆள் இறக்கும் வேன்கள் ஆகியவையும் வழியின் உரிமையைப் பறிப்பனவே. ஒரு போர்ப் பயணத்தில் தங்குமிடங்களை நெருக்கிப் பாதையை மறித்துக்கொண்டவர்களைக் கண்டித்து அறிவிப்புச் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் ஒருவரை அனுப்பியதாக அபூதாவூதில் காண்கிறோம். போர்ப் பயணத்திலேயே அதற்கு இடமில்லையெனில், நம் விருந்துகளுக்கு எவ்வாறு இடமிருக்கும்? தொல்லை தருவதைப் பாதையிலிருந்து அகற்றுதல் ஈமானின் ஒரு கிளை என்று நம் மத்ரஸாப் பிள்ளைகள் மனனம் செய்கின்றனர். முள்ளையும் கல்லையும் மட்டும் நினைத்து அதனை ஒப்பிப்பது போதாது. தவறாக நிறுத்தப்பட்ட வண்டியும் பாதையில் கிடக்கும் தொல்லைதான்.

தேரோட்ட நாளில் நம்மால் இயன்றவையும் உண்டு. நம் பொறுப்பிலுள்ள திடல்களையும் பள்ளிக்கூட வளாகங்களையும் வண்டி நிறுத்தக் கொடுக்கலாம். நாம் வைக்கும் தண்ணீர்ப் பந்தலும் மோர்ப் பந்தலும் சாலையைக் குறுக்காமல் உள்ளடங்கி அமையட்டும். தேரோட்டம் வெள்ளிக்கிழமையில் வருமாயின், ஜும்ஆவுக்கு வருவோர் வண்டியின்றி நடந்து வருமாறு முந்தைய வாரமே மிம்பரில் அறிவிக்கலாம். நம் இளைஞர்கள் காவல்துறையினரிடம் பெயர் கொடுத்து, ஒரு தெருமுனையில் நின்று வழிகாட்டலாம். இவை எவையும் வழிபாட்டில் பங்குகொள்வதாகாது. வழிப்போக்கருக்குச் செய்யும் உதவியாகும்.

விழா முடிந்த மறுநாள் ஊராட்சியாளர்களிடம் எத்தனை லட்சம் பேர் வந்தார்கள் என்றே எல்லோரும் கேட்கின்றனர். கடைசிப் பயணி எத்தனை மணிக்குப் பேருந்து ஏறினார், ஆம்புலன்ஸ் எத்தனை நிமிடம் காத்து நின்றது என்னும் இரு கேள்விகளை நாம் கேட்போம். அவற்றுக்கான விடைகளை ஆண்டுதோறும் குறித்துவைத்து, அடுத்த ஆண்டின் திட்டத்தை அங்கிருந்து தொடங்குமாறு நகராட்சியையும் காவல்துறையையும் போக்குவரத்துக் கழகத்தையும் கேட்டுக்கொள்வோம்.

வெளியே சென்ற ஒவ்வொருவரையும் அவர்தம் இல்லத்தாரிடம் நலமுடன் சேர்த்து வைக்கவும், பிறருக்கு வழிவிடும் உள்ளத்தை நம் அனைவருக்கும் அருளவும் வல்ல அல்லாஹ் போதுமானவன். ஆமீன்.